பஃபே விருந்தும் எடைக் குறைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எடையைக் குறைத்துக்கொண்டிருப்பவருக்கு பஃபே அழைப்பு வந்தால் இரண்டு வழிதான் கண்ணில் படுகிறது. ஏதாவது சாக்கு சொல்லிப் போகாமல் இருப்பது, இல்லையென்றால் போய் ஒரு வெட்டு வெட்டிவிட்டு அடுத்த இரண்டு நாள் பட்டினி கிடப்பது. இரண்டுமே வேண்டாம். பஃபே என்று இங்கே சொல்வது, வரிசையாக வைத்திருப்பதில் நீங்களே எடுத்துப் போட்டுக்கொண்டு, எத்தனை முறை வேண்டுமானாலும் எழுந்து போகக்கூடிய எந்தச் சாப்பாட்டையும்தான். கலோரி என்று வரும் இடமெல்லாம், உணவுப் பொட்டலங்களில் கிலோகலோரி என்று அச்சிட்டிருப்பார்களே, அதே அளவு.

எடை குறைக்கும் காலத்தில் பஃபேக்குப் போகலாமா?

போகலாம். எத்தனை நாளுக்கு ஒரு முறை போகிறீர்கள் என்பதுதான் விஷயம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். உடலில் ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. ஒரு பஃபேயில் வழக்கத்தைவிட 1,000 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டாலும், அது முழுவதும் கொழுப்பாக மாறினால்கூட 130 கிராம்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்றால் அதை மறந்துவிடலாம். அதுவே வாராவாரம் நடந்தால் கதை வேறு. தினமும் 500 கலோரி குறைத்துச் சாப்பிடும் திட்டத்தில் இருப்பவருக்கு வாரத்துக்கு 3,500 கலோரி மிச்சம். அதில் 1,000 ஒரே வேளையில் போய்விட்டால் இரண்டு நாள் கட்டுப்பாடு வீண். எடை குறையும், ஆனால் நத்தை வேகத்தில். 'எல்லாம் சரியாகத்தான் செய்கிறேன், குறையவே மாட்டேன் என்கிறது' என்று அலுத்துக்கொள்பவர்கள் பலரிடம் கேட்டால், வார இறுதியில் இப்படி ஒரு சாப்பாடு ஒளிந்திருக்கும்.

வீட்டில் அளவாகத்தான் சாப்பிடுகிறேன். பஃபேயில் மட்டும் ஏன் கை நிற்பதில்லை?

உங்கள் மன உறுதியைக் குறை சொல்ல வேண்டாம். மனித உடலின் அமைப்பே அப்படி.

ஒரே உணவைத் தொடர்ந்து சாப்பிடும்போது அதன் மீதுள்ள ஆசை வாய்க்கு வாய் குறைந்துகொண்டே வரும். முதல் வாய் அமிர்தம், பத்தாவது வாய் பரவாயில்லை, இருபதாவது வாய் போதும். ஆனால் இந்தத் திகட்டல் அந்த ஒரு உணவோடு நின்றுவிடும். சுவையும் மணமும் பதமும் வேறாக இன்னொன்று வந்தால் ஆசை புதிதாகத் தொடங்கும். வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் ஐஸ்கிரீமுக்கு மட்டும் எங்கிருந்தோ இடம் வருவது இதனால்தான். 1981ல் பார்பரா ரோல்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் இதைச் சோதித்தார்கள். நான்கு விதமான உள்ளடக்கம் கொண்ட சாண்ட்விச்சுகளை அடுத்தடுத்துக் கொடுத்தபோது, ஒரே வகையைக் கொடுத்ததைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாகச் சாப்பிட்டார்கள். ஒரே பாஸ்தாவை வெவ்வேறு வடிவங்களில் கொடுத்தபோதுகூட உள்ளே போன அளவு கூடியது. நான்கு வகைக்கே இப்படி. நாற்பது வகை இருக்கும் மேசையில் கேட்கவே வேண்டாம்.

அப்புறம், பஃபேயில் 'முடிந்தது' என்று சொல்ல எதுவும் இல்லை. வீட்டில் பாத்திரத்தின் அடி தெரியும், அடுத்தவருக்கு வைக்க வேண்டும் என்ற நினைப்பு வரும். இங்கே காலியாகும் தட்டை யாரோ வந்து நிரப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள்.

எனவே பசியோடு சண்டை போடுவதில் பெரிய பலன் இல்லை. வகைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், அளவு தானே குறையும். கீழே வரும் பதில்களில் சில இதையேதான் வேறு வேறு இடத்தில் செய்து பார்க்கின்றன.

அப்படியானால் எத்தனை வகை எடுக்கலாம்?

ஒரு வேளைக்கு நான்கைந்து, அதோடு ஒரு இனிப்பு. இந்த எண்ணுக்கு ஆராய்ச்சி ஆதாரம் எதுவும் இல்லை. ஒரு தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வைக்க முடிவது அவ்வளவுதான் என்பதால் சொல்கிறேன்.

எடுப்பதற்கு முன்னால் தட்டில்லாமல் வெறும் கையோடு ஒரு சுற்று வாருங்கள். இந்த ஒன்றை மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்தது. தட்டு கையில் இருந்தால், முதல் பாத்திரத்திலிருந்தே ஒவ்வொன்றிலும் 'கொஞ்சம்தானே' என்று கரண்டி நுழையும். பின்னால் நிற்பவர் நகரச் சொல்லி அவசரப்படுத்துவார், யோசிக்க நேரம் இருக்காது. பாதி வரிசை தாண்டுவதற்குள் தட்டு நிரம்பிவிடும். உண்மையிலேயே உங்களுக்குப் பிடித்தது கடைசி மூலையில் காத்திருக்கும். அதற்காக இன்னொரு தட்டு.

வெறும் கையோடு சுற்றும்போது மூடியிருக்கும் பாத்திரங்களையும் திறந்து பாருங்கள். இனிப்பு மேசை வரைக்கும் போய்விட்டுத் திரும்புங்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரே கேள்வி: 'இதை நாளைக்கு வேறு எங்காவது சாப்பிட முடியுமா?' முடியும் என்றால் விட்டுவிடுங்கள். வெறும் ரொட்டி, வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், பாக்கெட்டிலிருந்து கொட்டிய சிப்ஸ் எல்லாம் இந்தக் கேள்வியிலேயே கழன்றுவிடும். வீட்டில் செய்ய முடியாதது, நேரம் எடுத்துச் சமைத்தது, உங்களுக்கு நிஜமாகவே பிடித்தது ஆகியவை மிஞ்சும். அவற்றை எடுத்து நிம்மதியாக ரசித்துச் சாப்பிடுங்கள். கொழுப்பு கூடுதலான ஒன்றாக இருந்தாலும் பரவாயில்லை.

இரவு பஃபே என்றால் பகல் முழுக்க பட்டினி கிடக்கலாமா?

கூடாது. கணக்குப்படி பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் கொலைப் பசியோடு போய் நிற்பவர் மேசையைச் சுற்றிவந்து யோசிக்க மாட்டார். கைக்குக் கிடைத்ததை, அதுவும் பொரித்ததும் மாவுப் பண்டமுமாக, வேகமாக உள்ளே தள்ளுவார்.

மற்ற வேளைகளைக் கொஞ்சம் இலேசாக்கிக்கொள்ளுங்கள், அது போதும். காலையில் முட்டையோ தயிரோ பருப்போ போல புரதம் உள்ள ஏதாவது, மதியம் காய்கறி நிறைய. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு பழம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும், சர்க்கரையை இறக்கும் சில வகை மாத்திரைகளை எடுப்பவர்களும் வேளையைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அவர்களுக்கு இந்தப் பட்டினி விளையாட்டே வேண்டாம்.

காசு கொடுத்துவிட்டு நான்கு வகை சாப்பிட்டு எழுந்தால் நஷ்டம் இல்லையா?

இந்தக் கேள்வியைச் சிலர் வாய்விட்டுக் கேட்பார்கள், பலர் மனதுக்குள் கேட்டுக்கொள்வார்கள். கொடுத்த காசு கொடுத்ததுதான். மூன்றாவது தட்டு சாப்பிட்டாலும் அதில் ஒரு பைசா திரும்பாது. ஆனாலும் மனது கேட்காது. 1985ல் ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரு உளவியலாளர்கள் இதை நாடக அரங்கில் சோதித்தார்கள். பருவச் சீட்டு வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலை, சிலருக்குத் தள்ளுபடி. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். அந்தப் பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். எல்லோருக்கும் அதே நாடகம்தான், கொடுத்த காசு மட்டும் அவர்களை இழுத்துக்கொண்டு வந்தது. தட்டின் முன்னாலும் நடப்பது இதுதான்.

காசுக்கு மதிப்பு வேண்டும் என்றால், விலை உயர்ந்ததையும் கைப்பக்குவம் தேவைப்படுவதையும் எடுங்கள். நல்ல மீன், நன்றாகச் சமைத்த இறைச்சி, வீட்டில் வாங்கத் தயங்கும் பழங்கள். ரொட்டியையும் சோற்றையும் மலைபோலக் குவித்துக் காசை மீட்டவர் யாரும் இல்லை. உணவகக்காரருக்கு மிகவும் மலிவானது அதுதான்.

சின்னத் தட்டு எடுத்தால் குறைவாகச் சாப்பிடுவோம் என்கிறார்களே?

இதில் கொஞ்சம் ஜாக்கிரதை. சின்னத் தட்டு, முதுகைக் காட்டி உட்காருவது, பஃபே விலைக்கும் சாப்பிடும் அளவுக்கும் உள்ள தொடர்பு என்று ஊடகங்களில் சுற்றும் பல குறிப்புகள் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிரையன் வான்சிங்க் நடத்திய ஆய்வகத்திலிருந்து வந்தவை. அவருடைய பீட்சா பஃபே கட்டுரைகளில் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று மற்ற ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2018 செப்டம்பரில் ஜாமா குழும மருத்துவ இதழ்கள் அவருடைய 6 கட்டுரைகளை ஒரே நேரத்தில் திரும்பப் பெற்றன. ஆய்வு ஒழுங்கை மீறியிருக்கிறார் என்று பல்கலைக்கழகமும் அறிவித்தது, அவரும் பதவி விலகினார். அவர் சொன்ன எல்லாமே பொய் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் அந்தக் குறிப்புகளை நம்பித் திட்டம் போட முடியாது.

தட்டைப் பற்றி மற்றவர்கள் செய்த ஆய்வுகளின் முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. பஃபேயில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. சின்னத் தட்டு எடுத்தவர் மூன்று முறை எழுந்து போகலாம். எனக்குப் பிடித்த முறை வேறு: சாதாரணத் தட்டு, ஆனால் ஒரே தட்டு. அதில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், மீதி கால் பங்கு மாவுச்சத்து. எதுவும் எதன் மேலும் ஏறக் கூடாது. முழுச் சாப்பாட்டையும் கண்ணால் ஒரே தடவையில் பார்க்க முடிவது பெரிய உதவி.

மேசைக்கு முதுகைக் காட்டி உட்காரலாமா? உட்காருங்கள். ஆய்வு இருக்கிறதோ இல்லையோ, கேக் கண்ணில் படாமல் இருப்பதால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

எதை முதலில் சாப்பிட வேண்டும்?

சூப் அல்லது சாலட். இதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. முன்பு சொன்ன பார்பரா ரோல்ஸே பிற்பாடு பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்த சோதனைகள் இவை. 2007ல் வெளியான ஒன்றில், மதிய உணவுக்கு முன் கலோரி குறைவான காய்கறி சூப் குடித்தவர்கள், சூப்பையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் மொத்தத்தில் 20 சதவீதம் குறைவான கலோரியே சாப்பிட்டார்கள். 2004ல் வெளியான சாலட் சோதனை இன்னும் சுவாரசியம். கலோரி குறைந்த சாலட்டைப் பெரிய கிண்ணத்தில் முதலில் சாப்பிட்டவர்களுக்கு மொத்தக் கலோரி 12 சதவீதம் குறைந்தது. அதே அளவு சாலட்டைச் சீஸும் கொழுப்பான டிரெஸ்ஸிங்கும் சேர்த்துக் கொடுத்தபோது 17 சதவீதம் கூடியது.

ஆக, சாலட் என்ற பெயருக்குப் பலன் இல்லை, அதன் மேல் என்ன ஊற்றுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பஃபேயில் டிரெஸ்ஸிங் கிண்ணத்தில் கிடக்கும் கரண்டி சாப்பாட்டு மேசைக் கரண்டியைப் போல இரண்டு மடங்கு கொள்ளும். மயோனைஸ் வகை என்றால் அந்த ஒரு கரண்டியிலேயே 150 கலோரி எளிதாகத் தாண்டும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். இல்லையென்றால் டிரெஸ்ஸிங்கைத் தட்டின் ஓரத்தில் கொஞ்சம் வைத்து, முள்கரண்டியின் நுனியைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிடலாம். சுவை முழுதாகக் கிடைக்கும், ஊற்றிய அளவில் கால்வாசிகூடத் தீராது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு வரிசையில் இன்னொரு லாபமும் உண்டு. காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு, மாவுச்சத்தைக் கடைசியில் சாப்பிட்டபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் குறைந்ததாக 2015ல் வெளியான சிறிய ஆய்வு ஒன்று காட்டியது. வெறும் 11 பேரை வைத்துச் செய்தது அது. ஆனால் செய்து பார்ப்பதில் கெடுதல் எதுவும் இல்லை.

எந்த உணவில் கலோரி ஒளிந்திருக்கிறது? பார்த்தால் தெரியுமா?

எண்ணெய் இருக்கும் இடத்தில். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, மதுவுக்கு 7, கொழுப்புக்கு 9. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் என்றால் 120 கலோரி. 100 கிராம் உருளைக்கிழங்கை அவித்தால் 90க்கும் குறைவு. அதையே விரல் நீளத்துக்கு நறுக்கிப் பொரித்தால் 300ஐத் தாண்டும். கிழங்கு அதேதான், நீர் வெளியேறி எண்ணெய் உள்ளே புகுந்துவிட்டது.

பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். சூடாக வைத்திருக்கும் கிரேவிப் பாத்திரத்தைக் கலக்காமல் ஒரு நிமிடம் பாருங்கள். எண்ணெய் பிரிந்து மேலேயும் ஓரங்களிலும் பளபளவென்று நிற்கும். கரண்டியை மேலாக விட்டு முகந்தால் அந்த எண்ணெய்தான் முதலில் ஏறும். கரண்டியால் மேற்பரப்பை மெதுவாக ஒதுக்கிவிட்டு, நடுவில் இறக்கித் துண்டுகளை எடுத்து, பாத்திரத்தின் உட்புறச் சுவரில் கரண்டியைச் சாய்த்து இரண்டு மூன்று விநாடி வையுங்கள். குழம்பு வடிந்துவிடும், துண்டுகள் மட்டும் மிஞ்சும். பின்னால் வரிசையில் நிற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

மாவில் தோய்த்துப் பொரித்தவை, வெண்ணெய் பூசிப் பளபளக்கும் ரொட்டி, கிரீம் சேர்த்த வெள்ளை சாஸ், சீஸ், மயோனைஸில் புரட்டிய உருளைக்கிழங்கு சாலட் இவற்றில் ஒன்றை வேண்டுமானால் எடுங்கள், எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். சுட்டது, வேகவைத்தது, அனலில் வாட்டியது, கண்முன்னே சமைத்துக் கொடுப்பது இவற்றில் பெரும்பாலும் எண்ணெய் குறைவு. கண்முன்னே சமைப்பவரிடம் 'எண்ணெய் கொஞ்சமாக விடுங்கள்' என்று சொல்லவும் முடியும்.

தண்ணீர் குடித்து வயிற்றை நிரப்பிவிட்டுப் போகலாமா?

கொஞ்சம் உதவும். 2010ல் வெளியான ஆய்வில், ஒவ்வொரு முக்கிய வேளைக்கும் முன்னால் அரை லிட்டர் தண்ணீர் குடித்துவந்த நடுத்தர, மூத்த வயதினர் 12 வாரத்தில் மற்றவர்களைவிட ஏறத்தாழ 2 கிலோ கூடுதலாகக் குறைத்தார்கள். அவர்கள் கலோரி குறைந்த உணவுத் திட்டத்திலும் இருந்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். பஃபேயில் தண்ணீர் மட்டும் காப்பாற்றாது.

ஜூஸ், குளிர்பானம், மது?

ஒரு பெரிய தம்ளர் ஆரஞ்சு ஜூஸில் 110 கலோரிக்குக் குறையாது. 330 மில்லி குளிர்பானத்தில் 35 கிராம் அளவுக்குச் சர்க்கரை. இரண்டுமே மெல்லாமல் உள்ளே போவதால் பசியை அதற்கேற்ற அளவுக்கு அடக்காது. மதுவில் கலோரியைவிடப் பெரிய பிரச்சினை, 'போதும்' என்று எடுத்த முடிவை அது தளர்த்திவிடும். குடிப்பவர்கள் சாப்பிட்ட பிறகு குடிப்பது நல்லது, அதுவும் ஒன்றோடு. தண்ணீர், சோடா, சர்க்கரை போடாத தேநீர் எவ்வளவு வேண்டுமானாலும்.

இனிப்பை அடியோடு விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். இனிப்பு பிடிக்கும் என்றால் அதற்காகச் சோற்றையோ ரொட்டியையோ விட்டுக்கொடுங்கள். இனிப்பு மேசையில் எல்லாமே அழகாக இருக்கும், பாதி வெறும் அழகுதான். நாள் முழுக்கக் குளிரூட்டியில் கிடந்த கேக் வாயில் வைத்ததும் மெழுகு போல இருந்தால் அதை முடித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முதல் இரண்டு வாயை மெதுவாகச் சாப்பிட்டுப் பாருங்கள். நன்றாக இருந்தால் முடியுங்கள், சுமாராக இருந்தால் வைத்துவிடுங்கள். கூட வந்தவரோடு பங்கு போட்டுக்கொள்வது இன்னும் நல்லது.

ஆறு வகை இனிப்பில் ஒவ்வொரு துளி எடுத்து வந்து 'சும்மா ருசிதான் பார்க்கிறேன்' என்பது மட்டும் வேண்டாம். துளிகள் சேர்ந்து இரண்டு துண்டு கேக் அளவு ஆகிவிடும். போதாததற்கு ஒவ்வொரு வகையும் ஆசையைப் புதிதாகக் கிளப்பும்.

இரண்டாவது முறை போய் எடுக்கலாமா?

இன்னும் பசித்தால் எடுக்கலாம், உடனே வேண்டாம். வயிறு நிறைந்த செய்தி குடலில் சுரக்கும் ஹார்மோன்கள் வழியாகவும் நரம்புகள் வழியாகவும் மூளைக்குப் போய்ச் சேரக் கால் மணி, இருபது நிமிடம் ஆகும். வேகமாகச் சாப்பிடுபவர் அந்தச் செய்தி வருவதற்குள் இரண்டாவது தட்டையும் முடித்திருப்பார். தட்டை எடுத்துப் போகச் சொல்லிவிட்டு, தண்ணீர் குடித்து, பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். அப்புறமும் பசித்தால், முதல் தட்டில் மிகவும் பிடித்த ஒன்றையே மறுபடி எடுங்கள். புது வகையைத் தொட்டால் சுற்று முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

கூட இருப்பவர்கள் வற்புறுத்துகிறார்களே, என்ன செய்வது?

தனியாகச் சாப்பிடுவதைவிடக் கூட்டமாகச் சாப்பிடும்போது அளவு கூடும். மக்கள் தாங்களே எழுதிவந்த உணவுக் குறிப்பேடுகளை வைத்து ஜான் டி காஸ்ட்ரோ என்ற ஆய்வாளர் 1980களிலேயே இதைக் காட்டியிருக்கிறார். பேச்சு நீளும், உட்காரும் நேரம் நீளும், கை சும்மா இருக்காது.

வற்புறுத்தலுக்கு என் யோசனை: டயட் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். எடுத்தால் அது விவாதம் ஆகிவிடும். 'ஒரு நாள்தானே', 'நீ என்ன குண்டா', 'என் சித்தப்பா பையன் இப்படித்தான்' என்று ஆளுக்கொரு கதை வரும். 'ரொம்ப நன்றாக இருந்தது, வயிறு நிறைந்துவிட்டது' என்றால் மேலே பேச்சு வளராது. தட்டில் கொஞ்சம் சாலட்டை மிச்சம் வைத்துக் கொறித்துக்கொண்டிருந்தால் யாருக்கும் கண் உறுத்தாது. வெறும் தட்டைப் பார்த்தால்தான் உபசரிப்பவருக்குப் பொறுக்காது.

வேலைக்காக ஒரு வாரம் ஹோட்டலில் தங்குகிறேன். தினமும் காலை பஃபே. எப்படிச் சமாளிப்பது?

எப்போதோ ஒரு விருந்தைவிட இதுதான் எடையை ஏற்றும். முதல் நாள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பிடித்த ஒரு கூட்டணியை முடிவு செய்துகொள்ளுங்கள். முட்டை, வாட்டிய காய்கறி, ஒரு ரொட்டித் துண்டு, பழம், காபி என்பது போல. மீதி நாட்களுக்கும் அதையே சாப்பிடுங்கள். சலிக்கும்தான், சலிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடே. கடைசி நாள் வேண்டுமானால் பிடித்த பேஸ்ட்ரி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதியில் கட்டுப்பாடு போய்விட்டது. இனி என்ன, முழுசாகவே சாப்பிட்டுவிடலாமா?

டயட்டில் இருப்பவர்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்த எண்ணம்தான். 1975ல் ஹெர்மன், மாக் என்ற இருவர் செய்த பிரபலமான சோதனை ஒன்று உண்டு. எல்லோருக்கும் ருசி பார்க்க ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். சிலருக்கு மட்டும் அதற்கு முன்னால் மில்க்ஷேக். சாதாரணமாகச் சாப்பிடுபவர்கள் மில்க்ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். உணவைக் கட்டுப்படுத்தி வந்தவர்களோ, மில்க்ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். 'கெட்டது கெட்டுவிட்டது' என்ற நினைப்பு அப்படித் தள்ளும்.

இரண்டு துண்டு கேக் கூடுதலாகப் போனால் 700 கலோரி என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதை எடுக்காவிட்டால் அது 700ஆகவே நிற்கும். அவ்வளவுதான் கணக்கு. அன்றைக்கு அங்கேயே நிறுத்துங்கள், அடுத்த வேளை வழக்கமான சாப்பாடு.

ஆனால் நிறுத்த முடியாமல் மிக அதிகமாகச் சாப்பிடுவதும் பிறகு மிகவும் வருந்துவதும் அடிக்கடி நடந்தால், சாப்பிட்டதை வாந்தி எடுத்து வெளியேற்றத் தோன்றினால், அது மருத்துவரிடம் பேச வேண்டிய விஷயம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

மறுநாள் காலையில் எடை 2 கிலோ கூடியிருக்கிறது. எல்லாம் கொழுப்பா?

இல்லை. 2 கிலோ கொழுப்பு ஏற 15,000 கலோரிக்கு மேல் கூடுதலாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். ஒரே வேளையில் அது நடக்காத காரியம். ஏறியது பெரும்பாலும் தண்ணீர். விருந்துச் சாப்பாட்டில் உப்பு அதிகம், உப்பு நீரைப் பிடித்து வைக்கும். மாவுச்சத்து தசையிலும் கல்லீரலிலும் கிளைகோஜனாகச் சேரும்போது ஒவ்வொரு கிராமுடனும் 3 கிராம் அளவுக்கு நீரும் சேரும். இன்னும் செரித்து வெளியேறாத உணவின் எடை வேறு. வழக்கமாகச் சாப்பிட்டால் சில நாட்களில் இறங்கிவிடும். அதுவரை எடைக் கருவிப் பக்கம் போகாமல் இருப்பது மனதுக்கு நல்லது.

மறுநாள் கூடுதலாக நடந்து எரித்துவிடலாமா?

நடங்கள், ஆனால் தண்டனையாக வேண்டாம். 70 கிலோ எடையுள்ளவர் மிதமான வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் 250 கலோரி அளவுக்குச் செலவாகும். ஒரு துண்டு கேக்குக்கே அது போதாது.

எடை குறைப்பு ஊசி போடுகிறேன் / இரைப்பை அறுவை சிகிச்சை செய்திருக்கிறேன். எனக்கும் இதேதானா?

உங்களுக்கு விதிகள் வேறு. செமாக்ளூடைட் போன்ற மருந்துகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். கொழுப்பான உணவை நிறைய உண்டால் குமட்டலும் வாந்தியும் வரலாம். இரைப்பை அறுவை செய்தவர்களில் சிலருக்கு இனிப்பை வேகமாகச் சாப்பிட்டால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் வரும். இரண்டு தரப்புக்கும் புரதம் முதலில், அளவு மிகச் சிறியது, மெதுவாக. சில உணவகங்களில் அறுவை செய்தவர்களுக்குக் கட்டணத்தைக் குறைப்பார்கள், கேட்டுப் பார்க்கலாம். மற்றபடி உங்கள் மருத்துவர் சொன்னதே கடைசி வார்த்தை.

வெகு நேரமாக வெளியே இருக்கும் உணவைச் சாப்பிடலாமா?

எடைக்குத் தொடர்பில்லாத கேள்விதான், ஆனாலும் அடிக்கடி வருகிறது. சூடானது ஆவி பறக்க, 60 டிகிரி செல்சியஸுக்கு மேலே இருக்க வேண்டும். குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழே, பனிக்கட்டி மேல் இருக்க வேண்டும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெதுவெதுப்பாக இருக்கும் இறைச்சி, வியர்த்துப்போன மயோனைஸ் சாலட், காய்ந்து ஏடு படிந்த சாஸ் இவற்றைத் தொடாதீர்கள். பஃபே தொடங்கும் நேரத்திலேயே போனால் இந்தக் கவலை குறையும். அப்போதுதான் நிரப்பிய பாத்திரம் எது என்று பரிமாறுபவரிடம் கேட்டால் தயங்காமல் சொல்வார்கள்.